பிரியோஷ் ஸ்வெட்டர்: அளவு சரியாக வர, மாதிரித் துண்டைத் தொங்கவிட்டு அளங்கள்

சென்னையில் இருந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருவது சகஜம். ஜனவரி விடியற்காலையில்கூட இருபது டிகிரிக்குக் கீழே போக யோசிக்கிற ஊர் இது. ஆனாலும் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகளுக்கு, பெங்களூரில் வேலை கிடைத்துப் போன பையனுக்கு, டில்லியில் படிக்கும் பேத்திக்கு, டிசம்பரில் ஊட்டி போகிற குடும்பத்துக்கு என்று வீட்டுக்கு வீடு காரணம் வேறு. பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே சிக்கல்தான். போட்டுப் பார்க்க வேண்டிய ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார். பார்சலில் போய்ச் சேர்ந்த பிறகு 'தொடை வரைக்கும் வருதும்மா' என்று போன் வந்தால் என்ன செய்ய முடியும்?

பிரியோஷ் பின்னலில் இந்தப் போன் வருவதற்கு வாய்ப்பு அதிகம். மற்றப் பின்னல்களுக்குப் போதுமான அளவெடுக்கும் முறை இதற்குப் போதாது. நிட், பர்ல் போடத் தெரிந்து, ஒரு மஃப்ளரோ தொப்பியோ முடித்துவிட்டு முதல் தடவையாக பிரியோஷ் ஸ்வெட்டரில் கை வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

துணி எப்படி வேலை செய்கிறது

பார்வைக்கு பிரியோஷ் ஒன்றுக்கு ஒன்று ரிப் மாதிரிதான் மேடும் பள்ளமுமாக இருக்கும். தொட்டால் தடிமனாக, மெத்தென்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே முகம். ஒவ்வொரு வரிசையிலும் நாம் பாதிக் கண்ணிகளை மட்டும்தான் பின்னுகிறோம். மீதிப் பாதியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றி, அதன் மேல் நூலை ஒரு சுற்றுப் போட்டு விட்டுவிடுகிறோம். அடுத்த வரிசையில் அந்தக் கண்ணியையும் மேலே கிடக்கும் நூலையும் சேர்த்து ஒன்றாக நிட் போடுகிறோம். ஃபிஷர்மேன்ஸ் ரிப் என்று பேட்டர்ன்களில், அதாவது பின்னல் செய்முறைக் குறிப்புகளில், வருவதும் வேறு வழியில் போய் இதே துணியில் முடிகிற பின்னல்தான். அதனால் இங்கே சொல்லும் அளவுக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

இந்தத் துணி அகலத்தில் எலாஸ்டிக் மாதிரி விரியும். அப்படி விரியும்போது உயரத்தில் சுருங்கும். தொங்கவிட்டால் நேர்மாறு: உயரம் கூடும், அகலம் குறையும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கண்ணிக்கும் கூடுதல் நூல் போவதால் துணி கனமாக இருக்கிறது. தன் கனத்தாலேயே கீழே இழுபடுகிறது. மேசையில் கிடக்கும்போது ஒரு அளவு, தோளில் தொங்கும்போது இன்னொரு அளவு. நமக்கு வேண்டியது இரண்டாவது. பேட்டர்னில் உள்ள எண்ணை அப்படியே நம்பிப் பின்னியவர்களும், ஸ்வெட்டரைத் தொடங்கும் முன் அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டை மேசையில் வைத்து மட்டும் அளந்தவர்களும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நூலும் ஊசியும்

பாரிமுனைப் பக்கத்துக் கடைகளிலும் தி.நகரிலும் சுலபமாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். நல்ல கம்பளி நூல் வேண்டுமென்றால் ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கும். முதல் பிரியோஷுக்கு அக்ரிலிக் தப்பில்லை. விலை குறைவு, துவைப்பதும் சுலபம். ஆனால் நீராவி அயர்ன் அதன் பக்கத்தில் போகவே கூடாது. சூடு பட்ட அக்ரிலிக் தொய்ந்துவிடும், தொய்ந்தது திரும்பாது. ரிப்பின் துள்ளலே போய்விடும்.

'நம்ம ஊருக்குக் காட்டன் நூல்தானே நல்லது' என்று நிறைய பேர் கேட்பார்கள். பிரியோஷுக்கு வேண்டாம் என்பேன். பருத்தி கனம், இழுத்தால் திரும்பி வரும் குணம் அதற்குக் குறைவு. பருத்தி பிரியோஷ் ஸ்வெட்டர் போடப் போட நீண்டுகொண்டே போகும். மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்ட சூப்பர்வாஷ் கம்பளியும் நனைந்தால் நன்றாக வளரும். பரவாயில்லை, வாங்கலாம். ஆனால் அந்த வளர்ச்சியை மாதிரித் துண்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஊசியில் ஒரு பொறி இருக்கிறது. நம் கடைகளில் எண் சொல்லிக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண் ஊசி. அதில் எண் கூடினால் ஊசி மெல்லியது. அமெரிக்கப் பேட்டர்ன்களில் எண் கூடினால் ஊசி தடிப்பு. அமெரிக்க 8 என்பது 5 மி.மீ.; பிரிட்டிஷ் 8 என்பது 4 மி.மீ. பேட்டர்னில் 8 என்று பார்த்து, கடையில் 8 என்று கேட்டு வாங்கினால் ஒரு முழு மி.மீ. மெல்லிய ஊசி கைக்கு வந்துவிடும். எண்ணை மறந்துவிட்டு மி.மீ. மட்டும் பாருங்கள். வீட்டில் பாட்டி காலத்து ஊசி இருந்தால், ஓட்டை போட்ட ஊசி அளவு அட்டை ஒன்று வாங்கி நுழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல் லேபிளில் எந்த மி.மீ. சொல்லியிருக்கிறதோ அதைவிட அரை முதல் ஒரு மி.மீ. சிறிய ஊசியில் தொடங்குங்கள். 5 என்றால் 4.5 அல்லது 4. பிரியோஷ் இயல்பிலேயே தளர்வான பின்னல். லேபிள் சொன்ன ஊசியில் போட்டால் அநேகமாகத் தொளதொளவென்று வரும். மே மாதத்தில் கை வியர்த்து உலோக ஊசியில் நூல் ஒட்டும். அப்போது இழுத்துப் பின்ன ஆரம்பித்துவிடுவோம், அதுவும் அளவை மாற்றும். மூங்கில் ஊசியோ, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியோ உதவும்.

மாதிரித் துண்டு

உள்ளங்கை அளவுத் துண்டு பிரியோஷில் எதையும் சொல்லாது. ஓரக் கண்ணிகள் எப்போதும் கொஞ்சம் தளர்ந்து நிற்கும். சின்னத் துண்டில் ஓரம்தான் பாதி. குறைந்தது 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் வரட்டும்.

34 கண்ணி ஏற்றுங்கள். இதில் 32 பின்னலுக்கு, இரண்டு ஓரத்துக்கு. ஏற்றும்போது ஒரு மி.மீ. பெரிய ஊசியில் தளர்வாக ஏற்றுங்கள். இறுக்கமாக ஏற்றினால் அடிப்பக்கம் சுருங்கி, மேலே விரிந்து, எங்கே அளப்பது என்றே தெரியாது.

முதல் வரிசை: ஓரக் கண்ணியை நிட் போடுங்கள். நூலை முன்பக்கம் கொண்டுவந்து அடுத்த கண்ணியைப் பர்ல் போடுவதற்கு நுழைப்பது போல ஊசியை நுழைத்துப் பின்னாமல் மாற்றுங்கள். இப்போது நூலை வலது ஊசியின் மேலாகப் பின்பக்கம் கொண்டுபோய் அடுத்த கண்ணியை நிட் போடுங்கள். மாற்றிய கண்ணியின் மேல் நூல் ஒரு போர்வையாகக் கிடக்கும். இப்படியே மாற்றி, நிட், மாற்றி, நிட் என்று போய்க் கடைசி ஓரக் கண்ணியை நிட் போட்டு முடியுங்கள்.

இரண்டாவது வரிசையிலிருந்து எல்லா வரிசையும் ஒன்றுதான்: ஓரம் நிட். அடுத்து வருவது ஒற்றைக் கண்ணி. அதை நூல் சுற்றோடு மாற்றுங்கள். அதற்கடுத்தது போர்வை போட்ட கண்ணி. அதையும் போர்வையையும் சேர்த்து ஒன்றாக நிட். கடைசி வரை இப்படியே, முடிவில் ஓரம் நிட். வரிசை மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் ஊசியைப் பாருங்கள்: ஒற்றையாக இருப்பது மாற்றப்படும், போர்த்திக்கொண்டிருப்பது பின்னப்படும். பர்ல் என்ற பேச்சே இல்லை.

எண்ணுவதில் இரண்டு விஷயம். கண்ணியும் அதன் மேல் கிடக்கும் நூலும் சேர்த்து ஒன்று. இரண்டாக எண்ணினால் ஊசியில் பாதிக்குப் பாதி அதிகம் இருப்பது போலத் தெரியும். அகலத்தில் மேடுகளை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இந்தப் பக்கத்துப் பள்ளம்தான் அந்தப் பக்கத்து மேடு. உயரத்தில், ஒரு மேட்டின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் 'வி' வடிவங்களை எண்ணுங்கள். ஒரு 'வி' வர நாம் இரண்டு வரிசை பின்னியிருக்கிறோம். பேட்டர்னில் '10 செ.மீ.க்கு 18 வரிசை' என்று இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும் 18-ஆ, கையால் பின்னிய 18-ஆ என்று அங்கேயே தேடிப் பாருங்கள். இரண்டு விதமாகவும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றிப் புரிந்துகொண்டால் ஸ்வெட்டர் பாதி நீளத்திலோ இரட்டை நீளத்திலோ நிற்கும்.

வட்ட ஊசியில் குழாயாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் துண்டையும் வட்டமாகப் பின்ன வேண்டும். அங்கே ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல் என்று வரும். நிறைய பேருக்குப் பர்ல் கை கொஞ்சம் தளர்வு.

கழுவி, தொங்கவிட்டு, அளக்க

துண்டு முடிந்ததும் அளக்க அவசரப்படாதீர்கள். முதலில் வேறு நிற நூலில் நான்கு முடிச்சு. நடுப்பகுதியில் 12 மேடுகளை எண்ணி, இரண்டு பக்கமும் அடையாளம் கட்டுங்கள். அது 24 கண்ணி. ஒரே மேட்டில் 30 'வி' எண்ணி மேலும் கீழும் கட்டுங்கள். இனி ஸ்கேலை வைத்துக்கொண்டு அரைக் கண்ணி, கால் கண்ணி என்று கண்ணைச் சுருக்க வேண்டாம். இந்த அடையாளங்களுக்கு நடுவே எத்தனை செ.மீ. என்று பார்த்தால் போதும்.

அடுத்து, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பார்களோ அப்படியே துண்டையும் துவையுங்கள். மகள் மெஷினில்தான் போடுவாள் என்று தெரிந்தால் நீங்களும் மெஷினில் போடுங்கள். கையால் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு, கால் மணி நேரம் ஊறல், பிழியாமல் அமுக்கித் தண்ணீரை எடுப்பது, டவலில் சுருட்டி மேலே ஒரு மிதி. பிறகு கோரைப்பாயில் விரித்து மின்விசிறிக்குக் கீழே. கொடியில் போட வேண்டாம், மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். பின் குத்தி இழுத்து வைக்கவும் கூடாது. பிரியோஷை இழுத்துக் குத்தினால் கேட்கிற அளவுக்கெல்லாம் விரிந்து பொய் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழுதாகக் காய இரண்டு நாள்கூட ஆகும். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், நடுவே ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்த பின் தட்டையாக வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 24 கண்ணி 18.5 செ.மீ., 30 'வி' 16.7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு செ.மீ.க்கு 1.30 கண்ணி, 1.80 'வி'.

இப்போது சமையலறைத் தராசில் துண்டை நிறுத்துங்கள். 34 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மேல் ஓரம் முழுக்கத் துணி கிளிப்புகளை நெருக்கமாகப் போட்டு ஒரு ஹேங்கரில் மாட்டுங்கள். கீழ் ஓரத்திலும் கிளிப்புகளைப் பரவலாகப் போடுங்கள். அந்தக் கீழ்க் கிளிப்புகளின் மொத்த எடை துண்டின் எடைக்குச் சமமாக இருக்கட்டும். கிளிப்பு போதவில்லை என்றால் இரண்டு ஸ்பூனைக் கட்டிவிடலாம். ஏன் இந்த எடை? 60 செ.மீ. நீளத் துணி தொங்கும்போது, மேலே இருக்கும் கண்ணி முழு எடையையும் தாங்குகிறது, கீழே இருப்பது ஒன்றையும் தாங்கவில்லை. சராசரியாக 30 செ.மீ. துணியின் எடை. 20 செ.மீ. துண்டு தன்னால் கொடுப்பது சராசரி 10 செ.மீ. எடைதான். மீதி 20-ஐ நாம் கொடுக்க வேண்டும், அது துண்டின் எடையேதான். ஸ்வெட்டர் இன்னும் நீளம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஒரு ராத்திரி தொங்கட்டும். காலையில் தொங்கிய நிலையிலேயே, கழற்றாமல் அளங்கள். நம் உதாரணத்தில் 24 கண்ணி 17.8 செ.மீ., 30 'வி' 17.6 செ.மீ. என்று மாறியிருக்கும் என்று வைப்போம். ஒரு செ.மீ.க்கு 1.35 கண்ணி, 1.70 'வி'. வித்தியாசம் அற்பமாகத் தெரிகிறதா? கணக்கில் வரும்போது பார்ப்போம்.

துண்டைக் கையில் எடுத்து இழுத்து விட்டுப் பாருங்கள். சட்டென்று திரும்பி வந்தால் ஊசி சரி. சோம்பலாக வந்தால் அரை மி.மீ. சிறிய ஊசியில் இன்னொரு துண்டு. அலுப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

போடுகிறவரின் அளவு

மார்புச் சுற்றளவு கேட்டு வாங்குவதைவிட, அவரிடம் இருக்கிற, பிடித்துப் போடுகிற ஸ்வெட்டரோ ஸ்வெட் ஷர்ட்டோ ஒன்றின் அளவை வாங்குவது நல்லது. கட்டிலில் தட்டையாக விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக இஞ்ச் டேப் வைத்து ஒரு போட்டோ, தோள் உச்சியிலிருந்து கீழ் ஓரம் வரை ஒன்று, பின் கழுத்து நடுவிலிருந்து கை வழியாக மணிக்கட்டு வரை ஒன்று. மூன்றையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 'சுமார் முப்பத்தாறு இருக்கும்மா' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

உள்ளே என்ன போடுவார் என்பதையும் கேளுங்கள். சென்னையில் விடுமுறைக்கு வந்தபோது மெல்லிய காட்டன் டீ ஷர்ட்டின் மேல் எடுத்த அளவு, அங்கே தெர்மலும் முழுக்கைச் சட்டையும் போட்டு அதன் மேல் மாட்டும்போது பிடிக்கும். பிரியோஷ் துணியின் தடிப்பும் உள்ளே 2 செ.மீ. அளவுக்கு இடத்தை எடுத்துக்கொள்ளும்.

டெய்லர்கள் சொல்கிற லூஸ், பிரியோஷில் எவ்வளவு விடலாம்? உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்றால் மார்பு அளவுக்கு மேல் 5 செ.மீ. போதும், துணியே விரிந்து கொடுக்கும். இப்போதைய பாணியில் தொளதொளவென்று வேண்டும் என்றால் 15 முதல் 20 செ.மீ. வரை போவார்கள். ஒன்று கவனியுங்கள்: லூஸ் கூடக் கூடத் துணி கூடும், எடை கூடும், நீளமும் கூடும். முதல் ஸ்வெட்டருக்கு 5 முதல் 8 செ.மீ.க்குள் நிற்பது நல்லது என்பது என் கட்சி.

குழந்தைகளுக்கென்றால் அகலத்தில் பெரிதாக எதுவும் கூட்ட வேண்டாம். பிரியோஷ் ஒரு வருடம் தாராளமாக விரிந்து கொடுக்கும். கை நீளத்தையும் உடல் நீளத்தையும் மட்டும் கூட்டி, கைமுனையை மடித்துவிடுங்கள்.

கணக்கு

மார்பு 92 செ.மீ., லூஸ் 5; ஆக 97 செ.மீ. நீளம் 60, அதில் கீழே 5 செ.மீ. சாதா ரிப். பிரியோஷ் பகுதி 55.

தொங்கவிட்ட அளவை எடுத்துக்கொள்வோம். அகலம்: 97-ஐ 1.35 ஆல் பெருக்கினால் 131. இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் 66, ஓரத்துக்கு இரண்டு, ஆக ஒரு துண்டுக்கு 68 கண்ணி. உயரம்: 55-ஐ 1.70 ஆல் பெருக்கினால் 93.5, 94 'வி', அதாவது 188 வரிசை.

தட்டையாக வைத்த அளவில் போட்டிருந்தால்? 97 பெருக்கல் 1.30, ஏறக்குறைய 126 கண்ணி. 55 பெருக்கல் 1.80, 99 'வி'. அந்த ஸ்வெட்டர் தோளில் ஏறியதும் சுற்றளவு 97-க்குப் பதில் 93 ஆகவும், நீளம் 60-க்குப் பதில் 63 ஆகவும் நிற்கும். 92 செ.மீ. மார்புக்கு 93 செ.மீ. ஸ்வெட்டர், அதுவும் சட்டைக்கு மேல்! லூஸ் முழுக்கப் போய்விட்டது. நூல் இன்னும் கனமாக இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். நீங்கள் எண்ணை உங்கள் துண்டிலிருந்து எடுங்கள். இங்கே உள்ள 1.35-ம் 1.70-ம் உதாரணம் மட்டுமே.

கண்ணிகளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் இரண்டு இரண்டாகத்தான் முடியும். ஒரு கண்ணி மட்டும் குறைத்தால் மேட்டின் மேல் பள்ளம் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டு ஓரத்திலும் சேர்த்துக் குறைக்கும்போது ஒரு தடவைக்கு 4 கண்ணி, நம் கணக்கில் 3 செ.மீ. அவ்வளவு பெரிய படி என்பதால் முதல் ஸ்வெட்டருக்கு ஆர்ம்ஹோல் வளைவு இல்லாத, தோள் இறங்கிய நேர்வெட்டு வடிவம்தான் சௌகரியம். முன், பின் இரண்டும் செவ்வகம். கழுத்தில் மட்டும் கொஞ்சம் வேலை.

கை நீளத்தை அந்த வடிவத்தில் இப்படிக் கண்டுபிடிக்கலாம்: பின் கழுத்து நடுவிலிருந்து மணிக்கட்டு வரை 72 செ.மீ. என்றால், அதிலிருந்து ஸ்வெட்டரின் தட்டை அகலத்தில் பாதியைக் கழியுங்கள். 97-இல் பாதி 48.5, அதில் பாதி ஏறக்குறைய 24. ஆகக் கை 48 செ.மீ. இதில் கைமுனை ரிப் 6 போக 42, பெருக்கல் 1.70, 71 'வி'. கைதான் எல்லாவற்றையும்விட வேகமாக வளரும். சந்தேகம் வந்தால் ஒன்றிரண்டு 'வி' குறைவாகவே நிறுத்துங்கள்.

எவ்வளவு நூல் என்பதும் இதே துண்டில் தெரிந்துவிடும். துண்டு 26க்கு 20, அதாவது 520 சதுர செ.மீ., 34 கிராம். ஸ்வெட்டர்: உடல் 97 பெருக்கல் 60, 5820, கை ஒன்று சராசரி 35 அகலம், 48 நீளம், இரண்டுக்கும் 3360. மொத்தம் 9180 சதுர செ.மீ.; அதற்கு 600 கிராம். நூறு கிராம் கூட்டி 700 வாங்குங்கள். சாதாப் பின்னல் ஸ்வெட்டரைப் போல ஒன்றரை மடங்கு நூல் பிரியோஷ் குடிக்கும், ஆச்சரியப்படாதீர்கள். எல்லாக் கண்டிலும் சாய லாட் எண் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். திரும்பப் போனால் அதே லாட் கிடைக்காது.

பின்னும்போது

ஆன்லைனில் இப்போது எல்லாரும் கழுத்திலிருந்து தொடங்கித் தையலே இல்லாமல் முடிக்கச் சொல்கிறார்கள். போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னலாம் என்பதால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. போடுகிற ஆள் வான்கூவரில் இருந்தால் அந்த வசதி உங்களுக்கு இல்லை. பிரியோஷுக்குத் தையல்தான் எலும்பு. பக்கத் தையலும் தோள் தையலும் துணி கீழே ஓடாமல் பிடித்து நிறுத்தும். தனித்தனித் துண்டாகப் பின்னித் தையுங்கள்.

கீழ் ரிப்பை ஒரு மி.மீ. சிறிய ஊசியில் போடுங்கள், ஆனால் கண்ணி ஏற்றுவது மட்டும் பெரிய ஊசியில். நீளத்தை டேப் வைத்து அளப்பதை அறவே விட்டுவிடுங்கள். ஊசியில் இருக்கும் கனமான துணியை மடியில் வைத்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டும். 'வி'-யை எண்ணுங்கள். பத்து 'வி'-க்கு ஒருமுறை ஓரத்தில் ஒரு நூல் அடையாளம் கட்டினால் முன்னும் பின்னும் சமமாக வரும்.

கழுத்து அகலத்தைக் கணக்கிட்டதைவிட ஒன்று, ஒன்றரை செ.மீ. குறைவாக வையுங்கள். ஸ்வெட்டரின் மொத்தக் கனமும் அங்கேதான் தொங்குகிறது, தானே விரியும். தலை நுழைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தோள் கண்ணிகளை ஊசியிலேயே விட்டு ஒட்டுப் பின்னல் போடாமல், முடித்துவிட்டுத் தைப்பது உறுதி. ஒரு தோள் முனையிலிருந்து பின் கழுத்து வழியாக மறு தோள் முனை வரை உட்புறம் மெல்லிய பருத்தி நாடா ஒன்று வைத்துத் தைத்துவிட்டால் தோள் இறங்கவே இறங்காது. டெய்லரிங் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் நாடா கிடைக்கும்.

கடைசித் தையலுக்கு முன்

முன், பின் துண்டுகள் முடிந்ததும் கழுவிக் காயவையுங்கள். தோள்களை மட்டும் ஓட்டுத் தையலில் தற்காலிகமாகச் சேர்த்து, அகலமான ஹேங்கரில் ஒரு ராத்திரி மாட்டுங்கள். காலையில் தோள் உச்சியிலிருந்து கீழ் ஓரம் வரை அளங்கள். 60 வந்தால் நல்லது. 59, 61 என்றாலும் விடலாம். 63 வந்தால் ஓட்டுத் தையலைப் பிரித்து, மேலிருந்து கழுத்து வேலை வரை அவிழ்த்து, வேண்டிய 'வி'-க்களைக் குறைத்துக் கழுத்தை மறுபடி போடுங்கள். கீழ் ஓரத்திலிருந்து அவிழ்க்கப் பார்க்காதீர்கள். ஏற்றிய பக்கத்திலிருந்து ரிப் சுத்தமாகப் பிரியாது, சிக்கல்தான் மிஞ்சும். அகலம் கூடிவிட்டது என்றால் பக்கத் தையலில் ஓரக் கண்ணியோடு இன்னொரு மேட்டையும் உள்ளே வாங்கித் தைத்துவிடலாம். ஒரு பக்கத்துக்கு 3 செ.மீ. வரை குறையும், வெளியே தெரியாது. அகலம் குறைந்துவிட்டால் அப்படி வழியில்லை, அதனால்தான் 131 வந்தபோது 132-க்கு ஏற்றினோம்.

பார்சலில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: கொடியில் காயப்போடாதே, ஹேங்கரில் மாட்டாதே, மடித்து அலமாரியில் வை. அக்ரிலிக் என்றால் அயர்ன் செய்யாதே என்பதையும் எழுதி, பெரிய எழுத்தில் அடிக்கோடு போடுங்கள். மாதிரித் துண்டையும் கூடவே அனுப்பலாம். துவைத்துப் பார்க்கத் தயக்கம் வந்தால் முதலில் அதைப் போட்டுப் பார்ப்பார்கள், எங்காவது நூல் அறுந்தால் ஒட்டுப்போடவும் ஆகும்.